எங்கள் வீட்டுக் குதிக்கால்

என் மச்சாளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புகழப் போகிறேனா திட்டப் போகிறேனா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். எனக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் திட்டாமல் இருக்க முடியாது. அது அவருக்குத் தெரியும். கலியாணம் முடித்த நாளிலிருந்து திட்டு வாங்குகிறவர் அவர்தானே.

மச்சாள் என்று நான் சொல்வது என் பெரிய தம்பியின் மனைவியை. நெடுந்தீவுப் பெண். சீதன வீடு நெடுந்தீவில் இருந்தாலும் தம்பிக்கு வேலணையில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வேலை என்பதால் எங்கள் வளவுக்குள்ளேயே ஒரு சின்ன வீடு கட்டி இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் அவன் போய்விட்டான். அவன் போன பிறகு அவள் எங்கள் வீட்டு ஆட்களைப் பிடித்து இழுத்து நிறுத்திய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. அந்த நேரத்தில் சிலிர்க்கவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் எங்கள் குதிக்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களைப் பெற்ற ஐயாவின் ஆட்களுக்கு, குதிக்குச் சற்று மேலே, பின்பக்கத்து நரம்பு கயிறு மாதிரித் தடித்து, இடையிடையே முடிச்சுப் போட்டது போலப் புடைத்திருக்கும். ஐயாவுக்கு இருந்தது. சித்தப்பாவுக்கு இருந்தது. என் இரண்டு தம்பிமாருக்கும் இருந்தது. எனக்கும் கொஞ்சம் உண்டு. எங்கள் பாட்டன் பூட்டன் புகையிலைச் சிப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தீவெல்லாம் நடந்ததால் வந்த காய்ப்பு, அது அப்படியே பிள்ளைகளுக்கும் இறங்கிவிட்டது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. சும்மா நம்பிக்கை இல்லை, பெருமை. கனடாவிலிருந்து பல வருடங்களுக்குப் பிறகு வந்த சித்தப்பாவின் மகனை யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஊர்க் கிழவர் ஒருவர் முகத்தைப் பார்த்து அடையாளம் காணவில்லை. செருப்புக்கு மேலே தெரிந்த குதியைப் பார்த்துத்தான் இன்னாரின் மகனா என்று கேட்டாராம். இதை நாங்கள் எத்தனை கலியாண வீடுகளில் சொல்லிச் சிரித்திருப்போம்.

ஐயாவுக்குத் தெற்கில் கடை. எங்கள் தீவு ஆட்கள் கனபேர் அப்படித்தானே, சிங்கள ஊரில் கடை, ஊரில் குடும்பம். நாற்பதைத் தாண்டிய கொஞ்சக் காலத்தில் கடைக் கதிரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். சித்தப்பாவும் பக்கத்து ஊர்க் கடையில் அதே மாதிரிப் போனார். அம்மா ஒரு முடிவுக்கு வந்தா. தெற்குத்தான் ஆட்களைத் தின்கிறது. அந்தத் தண்ணீர், அந்தச் சாப்பாட்டுக் கடைகள், அந்த அலைச்சல். கடையைக் கைமாற்றி, ஆண்பிள்ளைகள் இருவரையும், எங்கள் தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கிற பண்ணைப் பாலத்துக்கு அங்காலே வேலைக்கு விடமாட்டேன் என்று நின்றா. பெரிய தம்பிக்குச் சங்கக்கடை. சின்னத்தம்பிக்கு ஓட்டோ, குறிகட்டுவான் இறங்குதுறையில். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற சனத்தை ஏற்றி இறக்குவான். மூட்டை முடிச்சுகளையும் அவனே தூக்கிக் கொடுப்பான். தெற்குக்குப் போகாதவனுக்கு ஒன்றும் வராது என்று அம்மா நிம்மதியாக இருந்தா.

பெரிய தம்பி ஒல்லி. சிகரெட் இல்லை, குடி இல்லை, கடைக்குச் சைக்கிளில்தான் போய் வருவான். எங்கள் ஊரில் கொலஸ்ரோல் என்றால் வயிறு பெருத்தவர்களுக்கு வருகிற வருத்தம். அவனுக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. அன்றைக்குப் பின்னேரம் வேலையால் வந்தவன் தாடை நோகிறது என்றான். பல்லுக் கொதி என்று நினைத்தோம். பிறகு இடது கை பாரமாக இருக்கிறது என்றான். வாய்வுதான் என்று அம்மா இஞ்சி இடித்துத் தேத்தண்ணீர் வைத்தா. மச்சாள் மட்டும் அவனுடைய நெற்றி வேர்வையைத் துடைத்துப் பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் வேண்டாம், ஓட்டோவைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள். சின்னத்தம்பி பறந்து வந்தான். மூன்று பேருமாக ஏறிப் போனார்கள். பண்ணைப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே அவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

ஆஸ்பத்திரியில் நடந்தது எங்களுக்கு அப்போது தெரியாது. நாங்கள் பின்னால் வந்து வாசலில் சின்னத்தம்பியோடு குழறிக்கொண்டு நின்றோம். உள்ளே மச்சாள் தனியாக நின்றிருக்கிறாள். இளவயது டொக்டர் பிள்ளை ஒருத்தி அவனுடைய கண்ணிமை ஓரத்து மஞ்சள் தடிப்பையும் குதிக்காலையும் பார்த்துவிட்டு, இவருடைய தகப்பன் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறாள். இல்லை, இளவயதில் போய்விட்டார் என்றதும், கூடப்பிறந்தவர்கள் எல்லாருடைய இரத்தத்தையும் பாருங்கள், இது பரம்பரையாக வருகிற கொழுப்பு, தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வரலாம், மெலிவும் பருமனும் இதற்கு ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறாள். புருஷனை அப்போதுதான் பறிகொடுத்த ஒருத்தி இதையெல்லாம் ஒரு சொல் விடாமல் காதில் வாங்கி வைத்திருக்கிறாள். நானென்றால் அந்த டொக்டரின் கழுத்தைப் பிடித்திருப்பேன்.

எட்டுச் செலவு வந்தது. செத்தவருக்கு விருப்பமான சாப்பாட்டையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு மீன் இறைச்சி எல்லாம் வைப்பார்கள். மச்சாள் தன் குசினியில் விடியவே அடுப்பு மூட்டினாள். நண்டுக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முட்டை, தேங்காய்ப்பால் சொதி, இடியப்பம். நெடுந்தீவுக் கைப்பக்குவம் என்றால் எங்கள் வேலணைக்காரர் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், அதை நான் எங்கேயும் சொல்வேன். எல்லாவற்றையும் வாழையிலையில் பரிமாறிவிட்டு ஒதுங்கி நின்றாள். அம்மா படத்துக்கு முன்னால் வந்து நின்று இலையைப் பார்த்தா.

"இதுதான் என்ர பிள்ளையைத் திண்டது" என்றா. "நண்டும் கணவாயும் தேங்காய்ப்பாலும். இவளின்ர கைதான் அவனைச் சாகடிச்சது."

வீடு நிறையச் சனம். தெற்கின் மேல் பழி போட ஏலாது, அவன்தான் தெற்குக்கே போகவில்லையே. அம்மாவுக்கு யாராவது வேண்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, என்ன கதை கதைக்கிறியள் என்று அம்மா மேல் பாய்ந்தேன். மாமிமார் இரண்டு பேர் என் கையைப் பிடித்து இழுத்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மச்சாள் ஒரு சொல் பேசவில்லை. அழவும் இல்லை. இலையில் ஒரு பக்கம் சரிந்த இடியப்பத்தை விரலால் ஒதுக்கிச் சரி செய்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அம்மா அவளுடைய கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. சாப்பாடு என் வீட்டிலிருந்து போக வேண்டும். அடுத்த வளவுதான், ஆனாலும் மூன்று வேளையும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவளுக்குத்தானே தெரியும். அதுவும் என் சமையலில் உப்பில்லை, புளியில்லை என்று அம்மா குறை சொல்வா. மருமகளின் சமையலில் பதின்மூன்று வருடம் வளர்ந்த நாக்கு, சொல்லாமல் என்ன செய்யும்.

அந்தியேட்டி நாள் வந்தது. ஒருவர் போய் முப்பத்தோராம் நாள் செய்கிற கிருத்தியம். காலையில் கீரிமலைக்குப் போய்க் கடலில் கடமையை முடித்துவிட்டு வந்து, வீட்டில் ஐயர் செய்யும் கிரியை முடிந்த பிறகுதான் உரித்துக்காரர் சாப்பிடலாம். அதுவரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். கனடாவிலிருந்து சித்தப்பாவின் மகன் வந்திருந்தான், கொழும்பிலிருந்து அவனுடைய தங்கை வந்திருந்தாள். ஐயாவின் இரத்தத்தில் மிஞ்சியிருந்த எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே நாளில், வெறும் வயிற்றோடு.

இதை யோசித்துப் பார்க்க ஒரு மூளை வேண்டும். வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. யாழ்ப்பாணத்து இரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து ஒரு பெண் பெட்டியோடு இறங்கினாள். மச்சாள் அவளைப் பக்கத்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதிரை போட்டாள், மேசையில் வெள்ளைத் துவாய் விரித்தாள். பிறகு வெள்ளைச் சேலையோடு கூடத்துக்கு வந்து எங்கள் எல்லாரையும் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"ஒருத்தரும் இன்னும் சாப்பிடேல்லைத்தானே. ரத்தத்தைக் குடுத்திட்டு வாங்கோ, பிறகு இலை போடுறன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதை முழுதாகச் சொன்னாள். ஐயா, சித்தப்பா, தன் புருஷன், மூன்று பேரையும் கொண்டுபோனது ஒன்றுதான், அது பாட்டன் நடந்த நடையால் வந்த காய்ப்பு இல்லை, நரம்பில் படிந்த கொழுப்பு என்றாள். என் பின்னால் நின்ற ஒருவர் குனிந்து தன் குதியைப் பார்த்தார். என் கணவர் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனார். உங்களுக்கு வேண்டாம் அண்ணை, நீங்கள் கட்டி வந்தவர் என்று திருப்பி அனுப்பினாள். மனுஷனுக்கு அது இன்றைக்கும் ஒரு குறை. அம்மா சுவரோடு சாய்ந்திருந்தபடி, இது என்ன கூத்து, செத்த வீட்டிலே ஊசியும் பெட்டியும் என்று முணுமுணுத்தா. மச்சாள் அம்மாவுக்குக் கிட்டப் போய்க் குந்தினாள்.

"உங்களுக்கு வேண்டாம், மாமி. நீங்களும் நானும் வெளி ரத்தம்."

ஒரே வருத்தத்துக்குப் புருஷனைக் கொடுத்த இரண்டு பெண்கள், அந்த இருவருக்கும் ஊசி வேண்டாம். அதைவிட வேறு எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் முதலாவதாகப் போய்க் கையை நீட்டினேன். என் மகள் இரண்டாவது. கனடாக்காரன் கொஞ்சம் வெளிறிப்போனாலும் நீட்டினான். கிரியை செய்தவன் சின்னத்தம்பி, பிள்ளையில்லாத தமையனுக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான். சம்மணம் கட்டி இருந்தவனின் குதி இரண்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. சனிக்கிழமை தோறும் புருஷனுக்கு எண்ணெய் வைத்துத் தேய்த்து முழுக வார்த்தவள் மச்சாள். அவளுடைய கைக்கு அந்த முடிச்சுகள் மனப்பாடம். சின்னத்தம்பியின் குதியில் இருந்தவை அதைவிடப் பெரிது என்று அவள் அன்றைக்கே கண்டுவிட்டாள். அவளுக்கு மற்றவர்கள் எல்லாரும் பிறகுதான், முதலில் இவன். வயது முப்பத்தைந்து.

அவனோ கிரியை முடிந்து எழும்பியதும் ஒரு சாட்டுக் கண்டுபிடித்தான். "கொள்ளி வைச்ச கையிலை ஆண்டு முடியுமட்டும் ஊசி குத்தக்கூடாது, அண்ணி." தட்சணையை மடித்துக்கொண்டிருந்த ஐயர் நிமிர்ந்து பார்த்து, அப்படி ஒரு சாத்திரமும் தான் படிக்கவில்லை என்றார். சனம் சிரித்துவிட்டது. சிரிப்பு அடங்க முதலே அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் படலையால் போய்விட்டான். நெடுந்தீவு வள்ளத்தால் ஆட்கள் வந்து காத்திருக்கிறார்களாம்.

முடிவுகள் வந்தன. எனக்கு இருந்தது. கனடாக்காரனுக்கும் இருந்தது. கொழும்புத் தங்கைக்கு இல்லை, என் மகளுக்கு இல்லை. என் மகளுக்கு இல்லை என்று தெரிந்ததும் நான் குசினிக்குள் போய் இருந்து நன்றாக அழுதேன். கிளினிக்கில் டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். இரத்தத்தில் இருக்கிற கொழுப்பை ஈரல் இழுத்தெடுக்க வேண்டுமாம். எங்களுக்குப் பிறக்கும்போதே அது பாதிதான் இழுக்கிறது. மிச்சம் இரத்தத்திலேயே ஓடி, குழந்தையாக இருந்த நாளிலிருந்து இதயத்துக்குப் போகிற குழாய்களின் உட்பக்கத்தில் படிந்து படிந்து வழியை ஒடுக்குகிறது. எங்கள் தீவுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படிகிற மாதிரி என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நண்டுதானா காரணம் என்று கேட்டேன். இல்லை அம்மா, கீரை மட்டும் சாப்பிட்டிருந்தாலும் இது இருந்திருக்கும், சாப்பாட்டால் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் குளிசை மருந்து இல்லாமல் ஏலாது என்றார். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குளிசை எனக்கு. அதில் கொழுப்பு கட்டுக்குள் நிற்கிறது.

நண்டில் குற்றம் இல்லை என்பதை நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். கேட்டா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தா. மத்தியானச் சாப்பாடு என் வீட்டிலிருந்துதான் போனது. தான் சொன்னது பிழை என்று தெரிவது ஒன்று, அதை மருமகளின் குசினி வாசலில் போய் ஒத்துக்கொள்வது வேறொன்று. அம்மா என்னைப் பெற்றவ, அந்த வீம்பு எனக்குத் தெரியும்.

சின்னத்தம்பி மட்டும் மசியவில்லை. நான் திட்டினேன், அழுதேன், அவனுடைய ஓட்டோத் திறப்பை ஒளித்து வைத்தேன். தான் மூட்டை தூக்குகிறவன், தனக்கு ஒன்றும் இல்லை என்றான். உண்மையான காரணம் வேறு. தமையன் இருக்கும்போதே அவனுக்குக் காரைநகரில் சம்பந்தம் பேசி முற்றாகியிருந்தது. ஆண்டுத் திவசம் முடிந்ததும் கலியாணம். எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் ஒருவருக்குத் தடிமன் வந்தாலும் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் தும்ம வேண்டும். பரம்பரை வருத்தம் என்று ஒரு சொல் பெண் வீட்டுக் காதில் விழுந்தால் போதும். கலியாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று அவன் சொன்னான். மாமா மாமிமாரும் அதையேதான் சொன்னார்கள். தெரியாமல் இருக்கிற வரைக்கும் வருத்தம் இல்லை என்பது அவர்களுடைய கணக்கு.

மச்சாள் ஒரு நாள் காலையில் ஊர்காவற்றுறைக்கு பஸ் எடுத்தாள். அங்கிருந்து கடல் வாய்க்காலைக் கடக்கிற மிதவையில், நாங்கள் பாதை என்று சொல்கிறது, ஏறிக் காரைநகருக்குப் போனாள். பெண் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய், அந்தப் பெண்ணையும் தாய் தகப்பனையும் இருத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அடுத்த பாதையிலேயே திரும்பி வந்துவிட்டாள். வெள்ளைச் சேலையோடு, தனியாக, ஒருவரிடமும் கேட்காமல்.

பின்னேரத்துக்குள் பெண்ணின் தகப்பன் தொலைபேசி எடுத்தார். கலியாணப் பேச்சை நிறுத்தி வைப்போம் என்றார். எங்கள் வீடு கொதித்தது. மாமிமார் மண்ணை வாரித் தூற்றாத குறை. எனக்கும் வந்ததே கோபம், நேரே அவளுடைய குசினிக்குப் போனேன். நீர் யார் இதைச் சொல்ல, அவன் என்ர தம்பி, இனி அவனுக்கு ஆர் பெண் தருவினம் என்று கத்தினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டுத் திரும்பினாள்.

"நான் கலியாணத்தைக் குழப்பப் போகேல்லை, மச்சாள். அந்தப் பிள்ளை தெரிஞ்சு கட்டட்டும். தெரியாமல் கட்டிப்போட்டு, பிறகு ஒரு நாளைக்கு எட்டுப் படைக்கேக்கை என்னை மாதிரி நிக்கக்கூடாது."

அங்கே கிடந்த பலகைக்கட்டையில் இருந்துவிட்டேன். அவள் மறுபடியும் அரிசியைக் களைந்தாள்.

காரைநகர்ப் பெண் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். சின்னத்தம்பி அவளைப் பற்றி அதுவரை சொன்னதெல்லாம் அமைதியான பிள்ளை என்பதுதான். அந்த அமைதியான பிள்ளை அன்றைக்கு இரவே தகப்பனுக்குத் தெரியாமல் அவனுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவனே எனக்குச் சொன்னான்.

"ரத்தத்தைப் பாத்திட்டு வாங்கோ. என்ன இருந்தாலும் நான் கட்டுறன். பாக்காமல் வந்தால்தான் கட்டமாட்டன்."

அடுத்த நாள் விடியற்காலை நான் அம்மாவின் வளவுக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சின்னத்தம்பியின் ஓட்டோ வந்து நின்றது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை, நேரே மச்சாளின் வீட்டு வாசலுக்குப் போனான். ஓட்டோத் திறப்பைக் கையில் சுழற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"அண்ணி, நான் இன்னும் சாப்பிடேல்லை."

அவள் கதவைச் சாத்திவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

எங்கள் எல்லாரையும்விட அவனுக்குத்தான் கொழுப்பு கூட. நெஞ்சில் ஒரு நோவும் இல்லை என்று சொன்னவனை டொக்டர் ஓட்ட இயந்திரத்தில் நடக்க விட்டுப் பார்த்து, கொஞ்ச நேரத்திலேயே நிற்பாட்டிவிட்டார். பிறகு கை நாடியால் மெல்லிய குழாய் விட்டு இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். முக்கியமான குழாய் ஒன்று கிட்டத்தட்ட மூடியிருந்தது. இந்த நெஞ்சோடுதான் அவன் குறிகட்டுவானில் சனத்தின் அரிசி மூட்டைகளைத் தோளில் வைத்து வள்ளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறான். கலியாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றானே. அந்தக் குழாய் கலியாணம் வரைக்கும் காத்திருக்கும் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவனுக்குள் கம்பிச் சுருள் வைத்து அந்த வழியைத் திறக்கிற நேரம், மச்சாளும் நானும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். அவளுக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலே ஆகாது, போன முறை அங்கிருந்து என்னவாகத் திரும்பினாள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் என்னை வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தான் தனியாக வரப் பார்த்தாள். நான் விடவில்லை. அவளுடைய கை என் கைக்குள் குளிர்ந்துபோய்க் கிடந்தது. நெடுநாளாக என் தொண்டைக்குள் இருந்ததை அப்போதுதான் கேட்டேன். டொக்டர் சொன்னது அவளுக்கு எட்டுச் செலவுக்கு முதலே தெரியும். அம்மா அவளைக் கொலைகாரி ஆக்கியபோது, இது என் சமையல் இல்லை, உங்கள் வீட்டு இரத்தம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. சபை நிறையச் சனம் இருந்ததே. ஏன் வாயைத் திறக்கவில்லை?

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்குச் சொல்லியிருந்தால், என்னைக் காப்பாத்தத்தான் சொல்லுறன் எண்டு நினைச்சிருப்பியள். பிறகு ஒருத்தரும் கையை நீட்டியிருக்க மாட்டியள்."

தன்மேல் விழுந்த பழியைத் துடைக்கிற துணி கையிலேயே இருந்தும், அதை எங்களுக்காக மடித்து வைத்துக்கொண்டு அந்த இலைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். அதுவும் யாருக்காக. பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை, எங்களோடு அவளுக்கு இரத்தத்தில் ஒரு சொட்டு உறவு இல்லை. நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறிப் போயிருந்தால் யார் என்ன கேட்டிருப்பார்கள். இப்படி ஒரு மனுஷியை நான் என் வாழ்நாளில் வேறு எங்கும் கண்டதில்லை. அதை அப்போதே அவளுக்குச் சொன்னேன். சும்மா இருங்கோ மச்சாள், தேத்தண்ணி குடிப்பமோ என்றாள்.

கதவு திறந்தது. சின்னத்தம்பி படுக்கையில் கிடந்தபடி வெளியே வந்தான். எங்களைக் கண்டதும் பசிக்கிறது என்றான்.

தமையனின் ஆண்டுத் திவசம் முடிந்து, காரைநகரில் கலியாணம் நடந்தது. பெண்ணின் தகப்பன் முகத்தைக் கொஞ்சம் உம்மென்றுதான் வைத்திருந்தார், பிறகு சரியாகிவிட்டார். மாப்பிள்ளை பெண்ணை முதல் விருந்துக்கு அழைக்கிறது யார் என்ற கதை வந்தபோது, சின்னத்தம்பி ஒரே பிடியாக அண்ணி வீடு என்றான். நான்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வருவாவோ மாட்டாவோ என்று எனக்கு நெஞ்சு பதைத்தது, அதுவும் குளிசை போடுகிற நெஞ்சு. அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்தா.

எட்டுச் செலவுக்குப் பிறகு அம்மா அந்தக் குசினிக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். மச்சாள் மீனைப் புளியில் வைத்திருந்தாள், முருங்கையிலை வறுத்திருந்தாள், சொதிக்குப் பாலைத் தண்ணீராக விட்டிருந்தாள். சின்னத்தம்பியின் கோப்பைக்குப் பக்கத்தில் குளிசை ஒரு சின்னத் தட்டில் இருந்தது. புதுப்பெண் உதவி செய்ய வந்து, எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா ஒரு கதிரையை இழுத்து அடுப்புக்குக் கிட்டப் போட்டு இருந்தா. ஒருமுறை சட்டிகளைச் சுற்றிப் பார்த்தா. பிறகு புதுப்பெண்ணைக் கைகாட்டிக் கிட்டக் கூப்பிட்டா.

"சமையலை இவளிட்டைப் பழகு, பிள்ளை."

மச்சாள் திரும்பவில்லை. அடுப்பை எப்போதோ அணைத்துவிட்டாள், ஆனாலும் சொதியைத் துழாவிக்கொண்டே நின்றாள். அவளுடைய தோள் குலுங்குவதை நானும் அம்மாவும் பார்த்தோம். செத்த வீட்டிலும் அழாதவள், எட்டுச் செலவிலும் அழாதவள், ஆஸ்பத்திரி வாங்கிலும் அழாதவள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஏதாவது சொல்லித் திட்டலாம் என்று பார்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அம்மா மேசையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து அவளுக்கு நேரே நீட்டினா.

"எனக்கும் போடு" என்றா. "பசிக்குது."